நன்னீர் எங்கே, பாறை எங்கே: தென் துருக்கிக் கரையின் மாலுமி நூல்கள்

அந்தாலியா வளைகுடாவின் மேற்கு ஓரத்தில் கெலிடோன்யா முனை கடலுக்குள் நீண்டு நிற்கிறது. அதன் எதிரே வரிசையாகச் சில சிறு தீவுகள். கி.மு. 1200 வாக்கில் செம்புக் கட்டிகளை ஏற்றிவந்த ஒரு வணிகக் கப்பல், நீர்மட்டத்தை ஒட்டி மறைந்திருந்த பாறையில் அடிப்பாகம் கிழிந்து இங்கே மூழ்கியது. கப்பலோட்டிகளுக்குக் கேடு செய்யும் தீவுகள் என்று ரோமானிய அறிஞர் பிளினி இவற்றைக் குறித்து வைத்தார்.

அந்தக் கப்பல் கிடக்கும் இடத்தை 1958-ல் அமெரிக்கப் பத்திரிகையாளர் பீட்டர் த்ரோக்மார்ட்டனுக்குச் சொன்னவர் போத்ரும் ஊரைச் சேர்ந்த கெமல் அராஸ், கடற்பஞ்சு குளிக்கும் படகின் தலைவர். அவர் சொன்ன தகவலைக் கொண்டுதான் 1960-ல் ஜார்ஜ் பாஸ் தலைமையில் அகழாய்வு நடந்தது. நீருக்கடியிலேயே முறைப்படி முழுமையாக அகழப்பட்ட முதல் பழங்காலக் கப்பல் அது. இக்கரையைப் பற்றிய அறிவு எப்போதும் இப்படித்தான் இருந்திருக்கிறது: உள்ளூர்க்காரருக்கு மனப்பாடம், வெளியூர்க்காரருக்குப் புதிர். அந்த இடைவெளியை நிரப்பவே மாலுமிகளுக்கான வழிகாட்டி நூல்கள் பிறந்தன. யார் வருகிறார், எதற்காக வருகிறார் என்பதைப் பொறுத்து அவற்றின் உள்ளடக்கம் காலந்தோறும் மாறியது.

ரோமானியப் பேரரசுக் காலத்துக் கிரேக்க நூலான ‘ஸ்டாடியாஸ்மஸ்’ இவ்வகையில் நமக்குக் கிடைக்கும் பழையவற்றுள் ஒன்று. எழுதியவர் பெயர் தெரியாது. 10-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படி ஒன்று மத்ரித் நகரில் இருக்கிறது. ஒரு துறையிலிருந்து அடுத்த துறைக்கு எத்தனை ஸ்டேடியம் (கிரேக்க நீள அளவு) தூரம், எந்தக் காற்றுக்கு ஒதுங்கலாம், நன்னீர் உண்டா என்பவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறது. அலங்காரம் கிடையாது. முசிறியையும் கொற்கையையும் குறிப்பிடுவதால் தமிழ் வாசகர்களுக்குப் பழக்கமான ‘எரித்திரேயக் கடலின் பெரிப்ளூஸ்’ இதே குடும்பத்து நூல்தான். பாரிகாசாவின் (இன்றைய பரூச்) ஆபத்தான மணல்மேடுகளுக்கிடையே அந்நியக் கப்பல்களை அழைத்துவர, அரசு உள்ளூர் மீனவர்களைப் பணியில் வைத்திருந்ததை அந்நூல் பதிவு செய்கிறது. ஏட்டில் எழுதி முடியாத இடத்தில் ஆளையே அனுப்பினார்கள்.

13-ஆம் நூற்றாண்டில் இத்தாலிய மொழியில் எழுந்த ‘கொம்பாசோ தா நவெகாரெ’ மத்தியதரைக் கடல் முழுவதற்கும் திசையையும் தூரத்தையும் தொகுத்தது. திசைகாட்டி கைக்கு வந்துவிட்ட காலத்தின் நூல் அது. ஆனால் துருக்கிக் கரையை உள்ளிருந்து அறிந்த ஒருவர் எழுதுவதற்கு இன்னும் இரண்டரை நூற்றாண்டுகள் ஆயின.

அவர் பீரி ரெய்ஸ். கலிபோலியில் வளர்ந்து, சிற்றப்பா கெமல் ரெய்சுடன் இளமையிலேயே கடலோடியவர். 1521-ல் தன் ‘கிதாப்-இ பஹ்ரியே’ நூலின் முதல் வடிவத்தை முடித்தார். 1524-ல் உஸ்மானியத் தலைமை அமைச்சர் இப்ராஹிம் பாஷா எகிப்துக்குக் கடல்வழி புறப்பட்டபோது பீரி ரெய்ஸ் வழிகாட்டியாகச் சென்றார். புயல் நேரத்தில் அவர் தன் குறிப்புகளை அடிக்கடி புரட்டிப் பார்ப்பதைக் கவனித்த பாஷா, அவற்றைச் செம்மைப்படுத்தித் தரும்படி கேட்டுக்கொண்டார். அப்படி உருவானதே 1526-ஆம் ஆண்டின் விரிவான வடிவம். 200-க்கும் மேற்பட்ட வரைபடங்கள் கொண்டது. வரைபடத்தில் இடம் குறைவு, எல்லாவற்றையும் அதில் அடக்க முடியாது, அதனால் எழுத்தும் வேண்டும் என்பது அவர் தந்த காரணம். மறைபாறைக்குச் சிலுவைக்குறி, மணல்மேட்டுக்குப் புள்ளி; அருகிலேயே ஊற்று எங்கே, எந்தப் பக்கமாக நுழைவது என்ற விளக்கம். இரண்டு வடிவங்களுக்கும் இடையில்தான், 1522-ல், ரோட்ஸ் தீவு உஸ்மானியர் வசமானது. கடற்படையின் தேவைக்காக எழுதிய நூல்தான். ஆனாலும் ஒரு சிறு குடாவில் தண்ணீர் எடுக்கும் இடத்தை அவர் சொல்லும் அக்கறையில், அங்கே தாகத்தோடு வந்து இறங்கிய மனிதர் தெரிகிறார். இவ்வரலாற்றில் முதலிடம் அவருக்கே என்பது இக்கட்டுரையின் துணிபு.

ஐரோப்பியக் கடற்படைகளோ இக்கரையை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை சரியாக அறியவில்லை. பிரிட்டிஷ் கடற்படையின் கடல் அளவைத் துறை 1795-ல் தொடங்கியது. அதன் முதல் தலைவர் அலெக்சாண்டர் டால்ரிம்பிள், கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னையில் பணியைத் தொடங்கியவர். நெப்போலியப் போர்கள் நடந்த 1811, 1812 ஆண்டுகளில் பிரான்சிஸ் பியூஃபர்ட் ‘ஃபிரெடரிக்ஸ்டீன்’ கப்பலில் தென் கரையை அளந்தார். காற்றின் வேகத்துக்கு இன்றும் வழங்கும் அளவுகோல் அவர் பெயரிலானதே. சிராலி அருகே மலைச்சரிவில் தானாக எரியும் யானார்தாஷ் நெருப்பு இரவில் கப்பலிலிருந்தே தெரிவதை அவர் பதிந்தார். 1812 ஜூனில், இஸ்கெந்தெருன் வளைகுடாவின் ஆயாஸ் பகுதியில் உள்ளூர்க்காரர்கள் சுட்டதில் படுகாயமுற்றார்; அளவை நின்றது. 1817-ல் வெளியான அவரது ‘கரமானியா’ பாழடைந்த அரங்குகளையும் கல்வெட்டுகளையும் பற்றியது. அளந்த ஆழங்களும் கோணங்களும் கடல்வரைபடங்களுக்குப் போயின.

இவற்றின் வழியில் பிரிட்டிஷ் கடற்படை அலுவலகம் வெளியிட்ட ‘மெடிடரேனியன் பைலட்’ தொகுதிகள் நம்பகமானவை. ஆனால் அவை போர்க்கப்பலையும் சரக்குக் கப்பலையும் மனத்தில் வைத்தவை. பத்து மீட்டர் நீளப் பாய்மரப் படகுக்காரருக்கு வேண்டியது வேறு: மூன்று மீட்டர் ஆழமுள்ள குடா, வடக்குக் காற்றுக்கு மறைவு, ரொட்டி கிடைக்கும் கிராமம். பெரிய கப்பல் தள்ளி நிற்கவேண்டிய இடம்தான் சிறு படகுக்குத் தங்குமிடம்.

பொழுதுபோக்காகக் கடலோடுபவர்களுக்கான நூல் பிரிட்டனில்தான் முதலில் வளர்ந்தது. ராயல் குரூசிங் கிளப் 1880-ல் தொடங்கியது. 1892 முதல் 1896 வரை ஃபிராங்க் கூப்பர் ‘செய்லிங் டூர்ஸ்’ என்று ஐந்து தொகுதிகள் எழுதினார். கிழக்கு மத்தியதரைக் கடலுக்கு அந்த வகை நூலைக் கொண்டுவந்தவர் எச். எம். டென்ஹாம். 1915-ல் டார்டனெல்ஸ் போரில் மிட்ஷிப்மேனாக இருந்தவர், 1963-ல் ஏஜியன் கடலுக்கும் 1973-ல் தென் துருக்கி, லெவான்ட், சைப்ரஸ் கரைகளுக்கும் நூல் எழுதினார். ஒரே பக்கத்தில் நங்கூரமிடும் ஆழமும் கிரேக்கக் கோயிலின் வரலாறும் இருக்கும்.

அதே காலத்தில் துருக்கியர்களும் தங்கள் கரையைப் புதிதாகக் கண்டுகொண்டிருந்தார்கள். 1925-ல் போத்ருமுக்கு நாடுகடத்தப்பட்ட எழுத்தாளர் ஜெவாத் ஷாகிர், நண்பர்களைக் கடற்பஞ்சுப் படகுகளில் ஏற்றிக்கொண்டு கோகோவா வளைகுடாவைச் சுற்றிவந்தார். அந்தப் பயணங்களுக்கு ‘நீலப் பயணம்’ என்று பெயர். அஸ்ரா எர்ஹாத்தின் 1962-ஆம் ஆண்டு நூலுக்கும் அதுவே தலைப்பு. படகோட்டிக்கு ஒவ்வொரு குடாவும் தெரியும். வழிகாட்டி நூல் எதற்கு?

1980-களில் வாடகைப் படகுகள் பெருகியதும் வந்தவர் முகம் மாறியது. விடுமுறைக்கு வருபவர் இரண்டு வாரத்துக்குள் எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும். நியூசிலாந்துக்காரரான ராட் ஹைக்கெல் எழுதி, இம்ரே நிறுவனம் வெளியிட்ட கிரேக்க, துருக்கி நூல்கள் அந்தத் தேவைக்கு அமைந்தவை. துறை ஒவ்வொன்றுக்கும் சிறு வரைபடம், தண்ணீர், டீசல், காற்று வீசும் திசை. அணியத்திலிருந்து நங்கூரத்தை இறக்கிவிட்டுப் பின்புறமாகக் கரைச்சுவரை நெருங்கிக் கட்டுவது போன்ற உள்ளூர் வழக்கங்களும் விளக்கப்பட்டன. உணவகத்துக்காரர் போட்ட மரப்பாலத்தில் கட்டணமின்றிக் கட்டலாம், இரவு உணவு அங்கேதான் என்ற எழுதாச் சட்டமும் அச்சேறியது.

நுழைவு விதிகளுக்கும் நீண்ட வரலாறு உண்டு. 1377-ல் துப்ரோவ்னிக் நகரம் கொள்ளைநோய்ப் பகுதிகளிலிருந்து வருபவர்களை ஒரு மாதம் தனியே நிறுத்தியது. இன்றும் வெளிநாட்டுப் படகு, சுகாதார அனுமதி கோரும் மஞ்சள் கொடியை ஏற்றியே துருக்கித் துறைக்குள் வருகிறது. குடியேற்றம், சுங்கம், சுகாதாரம், துறைமுக அலுவலகம் என்ற படிகளைக் கடந்து ‘டிரான்சிட் லாக்’ என்ற பயண ஏட்டைப் பெறுகிறது.

துணைக்கோள் வழியே இடம் காட்டும் கருவி வந்தபின் எதிர்பாராத ஒரு சிக்கல் எழுந்தது. இப்பகுதியின் வரைபடங்கள் பல நெடுங்காலம் 19-ஆம் நூற்றாண்டு அளவைகளை ஒட்டியே இருந்தன. முனைக்கும் தீவுக்கும் உள்ள தொடர்பை அக்கால அளவையாளர்கள் நுட்பமாகக் கணித்தார்கள். உலக உருண்டையில் அந்தக் கரை முழுவதையும் பொருத்திய இடத்தில் சிறு பிசகு. அதனால் குடாவுக்குள் பத்திரமாக நிற்கும் படகைக் கருவியின் திரை மலைமேல் காட்டியது. கண்ணால் பார்த்து நுழையுங்கள் என்று வழிகாட்டி நூல்கள் மீண்டும் மீண்டும் எச்சரிக்க வேண்டியிருந்தது.

இன்றைய நூல்களில் மிக வேகமாக வளரும் பகுதி, வருபவர் செய்யக்கூடாதவை பற்றியது. கெகோவாவின் மூழ்கிய இடிபாடுகளை ஒட்டிய இடங்களில் நீந்தவும் மூழ்கவும் தடை. கழிவுநீரைத் தொட்டியில் சேர்த்து, மரினாவில் இறக்கி, ‘நீல அட்டை’யில் பதிந்துகொள்ள வேண்டும். கோஜெக் குடாக்களில் படகின் கயிற்றைப் பைன் மரத்தில் கட்டக்கூடாது. அதற்கென்றே பாறைகளில் கட்டுத்தறிகள் பதித்திருக்கிறார்கள். கோடையில் இடம் பிடிக்க நண்பகலுக்குள் போய்ச் சேர்வது நல்லது.