வட்டை விதானையும் வயல் நீரும்

நற்பிட்டிமுனையிலிருந்து கிட்டங்கியை நோக்கி மேற்கே செல்பவர் மாரிகாலத்தில் இருமருங்கும் வெள்ளத்தையே காண்பர். அதே நிலப்பரப்பிற் சிறுபோகம் முற்றும் வேளையில், ஒரு வாய்க்கால் நீருக்காக அடுத்தடுத்த வரம்புக்காரர் இருவர் வாய்த்தர்க்கம் புரிவதையும் காணலாம். மிகையாகவும் குறையாகவும் வருகின்ற இந்நீரை அளந்து பங்கிடுவதற்கென ஒருவரை அமர்த்தி, அவருக்குக் கூலி வகுத்து, அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நடத்தல் மட்டக்களப்புத் தென்பகுதியின் நெடுநாளைய வழக்கமாகும். அவரே வட்டை விதானை. வட்டை என்பது ஒரு நீர்வழியைச் சார்ந்து கிடக்கும் வயற்பரப்பு. சிங்களப் பகுதிகளில் இப்பதவியினர் வெல் விதானை எனப்பட்டனர்.

குளங்கட்டிய மன்னரைப் பற்றி நமது வரலாற்று நூல்கள் நிறையவே பேசுகின்றன. மதகைத் திறந்தவரைப் பற்றிய பேச்சு அவற்றில் அருகியே காணப்படுகின்றது. அவர் யாருடைய ஆள் என்னும் வினாவே இங்கு ஆராயப்படுகின்றது.

முதலில் அவரது தொழிலின் நுட்பத்தை நோக்குதல் வேண்டும். நெல்லும் புல்லினத்தைச் சேர்ந்ததே. நீரின் அளவு தவறுமாயின், அதனோடு முளைக்கின்ற கோரையும் ஏனைய களைகளுமே முந்திக்கொள்ளும். சேற்றில் முளைநெல்லை வீசி விதைக்கும் முறையில், விதைக்கும் நாளில் வயலில் நீர் தேங்கி நிற்றலாகாது; தேங்கினால் முளை அழுகும். நாற்று நிமிர்ந்த பின்னர் நீரை மெல்ல ஏற்றிக் களையை அடக்க வேண்டும். பசளை இடுவதற்கு முன் நீரை வடிக்க வேண்டும். கதிர் வெளிவரும் காலத்தில் ஈரம் குன்றவே கூடாது. அறுவடைக்கு ஏறக்குறைய இரு வாரங்களுக்கு முன் வயலை உலரவிட வேண்டும். மேலே உள்ள வயற்காரன் ஒருவன் தான் நினைத்த நாளில் விதைப்பானாயின், அவன் வடிக்கும் நீர் கீழே உள்ளவனின் முளையைக் கெடுக்கும். ஆதலால் விதைப்பு நாள், வேலி அடைக்கும் நாள், வாய்க்கால் வெட்டும் நாள் யாவும் வட்டை முழுமைக்கும் பொதுவாகவே குறிக்கப்பட்டன. அவரவர் காணியின் அளவுக்கேற்ப வாய்க்கால் வெட்டும் பங்கைப் பிரித்துக் கொடுத்தல், முறை வைத்து நீர் விடுதல், பயிரில் வாய்வைத்த மாடுகளைப் பிடித்து அடைத்தல் ஆகிய அனைத்தும் விதானையாரின் பொறுப்பாயின.

இதற்கான கூலி நெல்லாகவே கொடுக்கப்பட்டது. சூடடித்துப் பொலி தூற்றிய களத்திலே அவருக்குரிய பங்கு அளக்கப்படும். இதனைச் சுவந்திரம் என்பர். சிங்களத்தில் ஹுவந்திரம் என வழங்குவதும் இச்சொல்லே. விளைந்தால் அவருக்கும் நெல், விளையாவிட்டால் அவருக்கும் இல்லை என்னும் இவ்வேற்பாடு எளிமையானது. எனினும் பின்னர் வந்த சட்டங்கள் பலவற்றினும் கூர்மையானது என்பது எனது கருத்து.

இராசகாரிய முறை 1832இல் ஒழிக்கப்பட்ட பின்னர், ஊர்கூடி வாய்க்கால் வெட்டும் கட்டாயம் தளர்ந்து நீர்ப்பாசன வேலைகள் பல இடங்களிற் சீர்கெட்டன. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில் 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. நெற்செய்கை, நீர்ப்பாசனம் என்பன தொடர்பான பழைய வழக்கங்களை மீட்டு நடைமுறைப்படுத்துவதே அதன் நோக்கம். கிழக்கில் இறக்காமம், அம்பாறைக் குளங்களைத் திருத்துவதிலும் வார்ட் ஈடுபாடு காட்டினார். பழைய வழக்குக்குப் பிரித்தானியரின் முத்திரை கிடைத்தமை நன்மையே. ஆயினும், வழக்கத்தைத் தீர்மானிக்கும் உரிமை நிலவுடைமையாளரிடம் இருந்தது, உழுதவனிடம் இருக்கவில்லை. போடியார்மார் கூடித் தெரிந்த விதானையார், நீர் அரிதான நாளில் யாருடைய வக்கடையை முதலில் திறந்திருப்பார் என்பதை ஊகித்தல் கடினமன்று.

இக்குறையை நீக்கவே 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் வந்தது. அமைச்சர் பிலிப் குணவர்தன கொணர்ந்த அச்சட்டம் குத்தகைச் செய்கையாளருக்குப் பாதுகாப்பளித்ததோடு, விதானையின் கடமைகளைத் தெரிவு செய்யப்பட்ட பயிர்ச்செய்கைக் குழுக்களிடம் ஒப்படைத்தது. நோக்கம் நியாயமானதே. ஆனால் நள்ளிரவிற் பந்தமேந்தி வாய்க்காலைச் சுற்றிப் பார்க்க ஒரு குழு எழுந்து போவதில்லை! 1972ஆம் ஆண்டின் கமத்தொழில் உற்பத்தித்திறன் சட்டம் அமைச்சரால் நியமிக்கப்படுவோரைக் கொண்ட குழுக்களை ஏற்படுத்தியபோது, நீர் பங்கிடுவோருக்கும் களத்து நெல்லுக்கும் இருந்த தொடர்பு மேலும் விலகியது.

இதற்கிடையில் நீரே வேறிடத்துக்குப் போய்விட்டது. 1949இல் அமைக்கப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபை, நம்மவர் பட்டிப்பளை ஆறு என வழங்கும் கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்துச் சேனாநாயக்க சமுத்திரத்தை உருவாக்கியது. கரையோரத்துப் பழைய வயல்களும் அத்திட்டத்தின் நீரை எதிர்பார்க்கலாயின. மதகின் சாவி பொறியியலாளர் கையில். விதானையாரோ வந்ததைப் பங்கிடுபவர் மட்டுமே. தலைவாய்க்காலில் இருந்தவர் நிரம்பப் பெற, கடைவாய்க்காலில் இருந்தவர் வானத்தைப் பார்த்தனர்.

இடதுகரை வாய்க்கால்களைத் திருத்தும் பணியோடு 1981இல் ஒரு பரிசோதனை தொடங்கப்பெற்றது. கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகமும் அதில் இணைந்திருந்தன. படித்த இளைஞரை அமைப்பாளராக அமர்த்தி, வயல் வாய்க்கால் ஒவ்வொன்றிலும் கமக்காரரைத் தாமே கூடிப் பேசச் செய்தனர். பிரதிநிதியை வாக்கெடுப்பாலன்றி ஒருமனப்பாட்டால் தெரியச் செய்தனர். நீர் மிகக் குறைந்திருந்த அவ்வாண்டுச் சிறுபோகத்திலேயே, தலைப்பகுதிச் சிங்களக் கமக்காரர் சிக்கனம் பிடித்துக் கடைப்பகுதிக்கு நீர் விட்டனர். அக்கடைப்பகுதியில் தமிழ்க் கமக்காரரும் இருந்தனர் என்பது அக்காலச் சூழலில் வைத்து நோக்கத்தக்கது. இதனை நோமன் அப்ஹொவ் 1992இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதியுள்ளார். இங்கு நம்மைப் போன்ற கலைப்பீடத்தாரைத் தொடும் செய்தி ஒன்றும் உண்டு: அவ்வமைப்பாளர் பட்டதாரிகள், அவர்களுக்கு நிரந்தர நியமனம் வழங்கப்படவில்லை. ஆசிரியப் பதவி கிடைத்ததும் பலர் வாய்க்காலை விட்டு வகுப்பறைக்குச் சென்றனர். அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. களத்திலே நெல் அளந்து பெற்ற விதானையாருக்கு அடுத்த போகத்திலும் அவ்வட்டையில் வேலை இருந்தது. இவர்களுக்கோ ஒப்பந்தக் கடிதம் மாத்திரமே இருந்தது.

2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் இன்று கமக்காரர் அமைப்புகள் இயங்குகின்றன. போக ஆரம்பக் கூட்டத்தில் விதைப்பு நாளும் நீர் விடும் நாளும் குறிக்கப்படுகின்றன. ஆயினும் கல்முனைப் பக்கத்து வயல்வெளிகளில், நீர் வரவில்லையென்றால் கமக்காரர் முதலிற் கேட்பது, "வட்டை விதானையார் எங்கே?" என்றுதான்.