150 காப்பி இருந்தும் காப்பாற்றியது ஒரு கரண்ட் கட்: ரான்சம்வேரின் கதை

இன்னைக்கு ரான்சம்வேர். "இந்த ஆன்டிவைரஸ் வாங்குங்க"ன்னு சொல்ற எபிசோட் இல்ல இது. முப்பது வருஷ வரலாற்றுல ஒரே ஒரு கேள்வியைத் தேடப் போறோம்: மாட்டிக்கிட்ட கம்பெனிகள் எதை வச்சு மீண்டு வந்தாங்க?

1989 டிசம்பர். சுமார் 20,000 ஃபிளாப்பி டிஸ்க்குகள் தபாலில் போகின்றன. வாங்கியவர்களில் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையின் வாசகர்களும், உலக சுகாதார நிறுவனத்தின் எய்ட்ஸ் மாநாட்டுக்கு வந்தவர்களும் இருந்தார்கள். எய்ட்ஸ் பற்றிய தகவல் என்றுதான் டிஸ்க்கில் போட்டிருந்தது. போட்டுப் பார்த்தவர்களுக்கு முதலில் எதுவும் ஆகவில்லை. கம்ப்யூட்டரை சுமார் 90 முறை ஆன் செய்த பிறகு ஃபைல் பெயர்கள் எல்லாம் உருமாறிப் போயின. திரையில் ஒரு பில் வந்தது: 189 டாலரை பனாமாவில் உள்ள ஒரு தபால் பெட்டிக்கு அனுப்பவும். இந்த வழக்கில் கைதானவர் ஜோசப் பாப் என்ற அமெரிக்க உயிரியலாளர். மனநிலை காரணமாக அவர் மீது விசாரணை நடக்கவில்லை.

எஞ்சினியர் கண்ணோட பார்த்தா, அந்த டிசைன்ல ரெண்டு ஓட்டை. ஒண்ணு, பூட்டைத் திறக்கும் வழி அந்த புரோகிராமுக்குள்ளேயே கிடந்தது. அதைப் பிரித்துப் பார்த்தவர்கள் இலவசமாகவே திறக்கும் கருவி எழுதிவிட்டார்கள். இரண்டாவது, தபாலில் வாங்கும் பணத்துக்குத் தடயம் இருக்கும்.

இரண்டு ஓட்டையும் பிறகு அடைபட்டன. 1996-ல் ஆடம் யங், மோட்டி யுங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஓர் எச்சரிக்கைக் கட்டுரை எழுதினார்கள். பூட்டுவதற்கு ஒரு சாவி, திறப்பதற்கு வேறு சாவி என்று வைத்தால், திறக்கும் சாவி தாக்குபவனிடம் மட்டுமே இருக்கும் என்பதுதான் அதன் சாரம். 2009-ல் பிட்காயின் வந்தது. 2013-ல் வந்த கிரிப்டோலாக்கர் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தியது. அதுக்கப்புறம் பூட்டை உடைக்கிறதை நம்பி உட்கார முடியாது. நம்ம கையில ஒரு காப்பி இருக்கணும், அவ்வளவுதான்.

ஆனா எந்த மாதிரி காப்பி? இங்கதான் மேர்ஸ்க் கதை வருது.

மேர்ஸ்க், டென்மார்க்கைச் சேர்ந்த மிகப் பெரிய கப்பல் நிறுவனம். 2017 ஜூன் 27 அன்று, உக்ரைனில் பலரும் பயன்படுத்தும் ஒரு கணக்கு சாஃப்ட்வேரின் அப்டேட் வழியாக நாட்பெட்யா பரவியது. 300 டாலர் பிட்காயினில் கேட்டது. உண்மையில் அது ரான்சம்வேர் வேஷம் போட்ட அழிப்பான். பணம் கட்டினாலும் ஃபைல் திரும்பாது. ரஷ்ய ராணுவத்தின் வேலை என்று அமெரிக்காவும் பிரிட்டனும் பின்னர் குற்றம் சாட்டின. குறி உக்ரைன்தான். ஆனால் அங்கே அலுவலகம் வைத்திருந்த மேர்ஸ்க்கும் சேர்ந்து விழுந்தது. மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அது நடத்தும் டெர்மினல் வரை வேலை நின்றது.

யார் எந்த சிஸ்டத்துக்குள் போகலாம் என்பதைச் சொல்லும் டொமைன் கன்ட்ரோலர் சர்வர்கள் மேர்ஸ்க்கிடம் 150 அளவில் இருந்தன. ஒன்றின் தகவல் மற்றதற்குத் தானாகவே காப்பி ஆகும். ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது என்ற நம்பிக்கை. எல்லாமே ஒரே நேரத்தில் அழியும் என்று யாரும் திட்டமிடவில்லை. எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் கோர்த்திருந்ததால், கணக்குக்கு 150 என்றாலும் ஆபத்துக்கு அது ஒரே காப்பிதான்.

மிஞ்சியது ஒன்று. கானாவில் தாக்குதலுக்கு முன்பே கரண்ட் போயிருந்ததால், அங்கிருந்த சர்வர் நெட்வொர்க்கில் இல்லை. அந்தத் தகவலை இன்டர்நெட்டில் அனுப்ப அங்கே வேகம் போதவில்லை. கானா ஊழியர்களிடம் பிரிட்டன் விசாவும் இல்லை. ஒருவர் ஹார்ட் டிஸ்க்கோடு நைஜீரியாவுக்குப் பறந்து இன்னொருவரிடம் கொடுக்க, அவர் அதை லண்டனுக்குக் கொண்டுபோனார். 10 நாளில் 4,000 சர்வர்கள், 45,000 கம்ப்யூட்டர்கள் திரும்ப அமைக்கப்பட்டன. நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர் வரை. கரண்ட் கட்டுக்குக் கடன்பட்ட கம்பெனின்னா இதுதான்!

அது அதிர்ஷ்டம். திட்டமிட்டிருந்தால் எப்படி இருக்கும்? 2019 மார்ச்சில் நார்வேயின் அலுமினிய நிறுவனமான நார்ஸ்க் ஹைட்ரோவை லாக்கர்கோகா தாக்கியது. சுமார் 35,000 ஊழியர்கள், 40 நாடுகள். கம்ப்யூட்டரை நெட்வொர்க்கில் இணைக்காதீர்கள் என்று அலுவலகக் கதவில் பேப்பரில் எழுதி ஒட்டினார்கள். வெளியே தகவல் சொல்ல ஃபேஸ்புக்கைப் பயன்படுத்தினார்கள். பணம் கட்டவில்லை, ஏனென்றால் பேக்கப் பத்திரமாக இருந்தது. சில ஆலைகளில் கையால் வேலை ஓடியது. பேப்பர் காலத்து முறை தெரிந்த, ஓய்வுபெற்ற தொழிலாளர்களும் உதவிக்கு வந்தார்கள். சுலபமா முடிஞ்சுதுன்னு சொல்லல. முதல் வாரத்திலேயே 30 கோடி குரோனருக்கு மேல் நஷ்டம். ஆனால் முடிவு தாக்கியவன் கையில் இல்லை.

"பணம் கட்டிட்டா வேலை முடிஞ்சிடுமே"ன்னு கேட்பீங்க. 2021-ல் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் சுமார் 44 லட்சம் டாலர் கட்டியது. கிடைத்த கருவி அவ்வளவு மெதுவாக ஓடியதால், சொந்த பேக்கப்பையும் வைத்துத்தான் மீட்க வேண்டியிருந்தது.

நான் இருக்கிற துறையில "பேக்கப் இருக்கா?"ன்னு கேட்டா, "இன்னொரு சர்வருக்கு ஆட்டோமேட்டிக்கா காப்பி ஆகுதே"ன்னு அடிக்கடி பதில் வரும். மேர்ஸ்க்கிடம் இருந்ததும் அதுதான். இங்கே அழிந்தால் அங்கேயும் அழியும் என்றால் அது பேக்கப் இல்லை. பத்து பேர் வேலை செய்யும் கம்பெனிக்கும் கணக்கு ஒன்றுதான்: மூன்று காப்பி, இரண்டு வகை சாதனம், ஒன்று வேறு இடத்தில். அந்த ஒன்று, ஆபீஸ் நெட்வொர்க்கில் இருந்தோ அதன் பாஸ்வேர்டை வைத்தோ தொட முடியாததாக இருக்கணும். முக்கியமான போன் நம்பர்களும், ஒரு நாள் கையால் பில் போடும் வழியும் பேப்பரில் இருக்கணும்.

நாளைக்கு ஆபீஸ் போனதும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "பேக்கப்ல இருந்து ஒரு ஃபைலை எடுத்து, திறந்து பார்த்தது கடைசியா எப்போ?" பதில் சொல்ல யாராவது யோசிச்சாங்கன்னா, அன்னைக்கே ஒண்ணு திறந்து பார்க்கச் சொல்லுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.