ஊன் படையலும் மலர் வழிபாடும்

மதுரையினின்று தெற்கே செல்லும் பெருவழியில், திருப்பரங்குன்றத்துக்கு அப்பால் உள்ள பேரூர் திருமங்கலம். அதனை அடுத்த வடக்கம்பட்டி என்னும் சிற்றூரில், முனியாண்டி என்னும் காவற்றெய்வத்துக்கு ஆண்டுதோறும் தைத் திங்களில் பெருவிழா நிகழ்கின்றது. நூற்றுக்கணக்கான ஆடுகளும் கோழிகளும் அறுக்கப்பெற்று, ஊன்சோறாகிய பிரியாணி இரவெல்லாம் அண்டாக்களிற் சமைக்கப்படும். தெய்வத்துக்குப் படைத்தபின், விடியலில் வந்தார்க்கெல்லாம் வேறுபாடின்றி அது வழங்கப்படும். இவ்வூரார் பலர் வெளியூர்களில் முனியாண்டி விலாஸ் என்னும் பெயரால் உணவுச்சாலை நடத்துவோர். நாடோறும் முதலில் உண்பவர் தரும் பொருளை இவ்விழாவுக்கென எடுத்துவைத்தல் அவர்தம் வழக்கம்.

கொல்லாமையைத் தலையறமாகக் கொள்ளும் சைவர், இப்படையலை எவ்வாறு மதித்தல் வேண்டும்? இவ்வினா தமிழகத்துக்கே உரியதன்று. சீனத்துத் தாவோ நெறியாரும் இதனை எதிர்ப்பட்டனர்.

கி.பி. 142-ஆம் ஆண்டில், சிச்சுவான் நாட்டு மலையொன்றில் சாங் தாவோலிங் என்பார் அருள்வாக்குப் பெற்று அந்நெறியின் முதற் சங்கத்தை நிறுவினார் என்பது அவர்தம் மரபு. தெய்வங்கள் உண்பதும் பருகுவதும் இல்லை என்பது அச்சங்கத்தார் ஏற்ற உடன்படிக்கை. ஆகலின், ஊர்த்தெய்வங்கட்குக் குருதிப்பலி இடுதலை அவர் கடிந்தனர். ஊர்மக்களோ பன்றி, கோழி, மீன் என்னும் மூவகை ஊனைப் படைத்தலையும், பொன் வெள்ளி நிறத் தாள்களைத் தெய்வக் காசாக எரித்தலையும் விட்டிலர். காலப்போக்கில் இருதிறத்தார்க்கும் ஓர் இணக்கம் பிறந்தது. சியாவ் எனப்படும் பெருவிழாவில், தாவோ குருமார் கோயிலினுள்ளே நறும்புகை, விளக்கு, தேநீர், கனி ஆகியவற்றால் உயர்தெய்வங்களை வழிபடுவர். மக்கள் தம் ஊன்படையலைப் புறத்தே பலகைமேல் வைப்பர். விலக்கினால் ஆகாதது இடம் வகுத்தலால் ஆயிற்று.

தமிழகத்து வரலாறும் இதனை ஒத்ததே. திருப்பரங்குன்றம் முதலாக முருகன் உறைவிடங்களைப் போற்றும் திருமுருகாற்றுப்படை, கிடாயின் குருதி கலந்த அரிசியைப் பலியாக இடும் வழக்கத்தையும் உரைக்கின்றது. ஆகமநெறி தழைத்த திருக்கோயில்களில் நீரும் மலரும் திருவமுதுமே வழிபாட்டுப் பொருள்களாய் நிலைபெற்றன. ஊன்பலி ஊரெல்லைக் காவற்றெய்வங்கள்பால் ஒதுங்கிற்று. இருவகைத் தெய்வங்களும் ஒரே வளாகத்தில் அமைந்த ஊர்களில், ஊன் ஏலாத தெய்வத்தின்முன் திரையிட்டுப் பின்னரே பலியிடுதல் வழக்கம். இவ்வாறு மக்கள் தாமே வகுத்த எல்லை நிலைத்தது. சட்டமோ நிலைத்திலது. கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்க 1950-இல் இயற்றப்பட்டு நெடுங்காலம் உறங்கிக் கிடந்த சட்டம், 2003-இல் வலிந்து செயற்படுத்தப்பட்டு, மறு ஆண்டே நீக்கப்பட்டது.

இனிச் சித்தாந்தம் கூறும் விடை யாது? இறைவன் பசியுடையன் அல்லன் என்பதிற் சைவமும் தாவோ நெறியின் பழைய உடன்படிக்கையும் ஒக்கும். ஆயினும் சைவம் அவ்வளவில் நில்லாது. காளத்தியில் திண்ணனார் படைத்த ஊனை இறைவன் ஏற்றதனையும், அதுகண்டு வருந்திய சிவகோசரியாரின் ஆகமப் பூசையை இகழாமல் அவர்க்கு உண்மையைக் கனவில் உணர்த்தியதனையும் சேக்கிழார் ஒருங்கே வைத்துக் காட்டினார். ஆண்டு ஏற்கப்பட்டது அன்பேயாம். ஊன் அதற்கு வாயிலாய் நின்றது. அவ்வன்பின்றி ஊனை மட்டும் காட்டிக் கண்ணப்பரைத் துணைக்கு அழைத்தல் பொருந்தாது. எத்தெய்வத்தை வழிபடினும் அத்தெய்வமாய் நின்று அருள்பவன் அம்மையப்பனே என்பது சிவஞான சித்தியாரின் துணிபு. அந்நூல் அத்தெய்வங்களைப் பிறப்பு இறப்புக்கு உட்பட்டனவாகக் கூறி, அவற்றின் வழிபாட்டைப் படியாக வைத்ததேயன்றி முடிவாக வைத்திலது.

ஆகலின், உயிர்க்கொலை சைவத்துக்கு ஏலாது என்பதில் நெகிழ்ச்சி வேண்டுவதின்று. எனினும், ஆண்டு முழுதும் முதற்காசைத் தெய்வத்துக்கென முடிந்துவைத்து, தைத் திங்கள் விடியலில் அறிமுகமில்லாத அயலார்க்கும் உணவளிக்கும் ஊராரைத் திருவருளுக்குப் புறம்பாக்குதலும் சைவமன்று. படியில் நிற்பாரைத் தள்ளுவோர் படியேறினார் ஆகார்.