குளத்தில் இறங்கிய பாக் செரி

1997 டிசம்பரில் தென்கொரியா சர்வதேச நிதியத்திடம் கையேந்தி நின்றது. கம்பெனிகள் வரிசையாக மூழ்கின. நாட்டின் கடனை அடைக்க ஜனங்கள் கல்யாண மோதிரத்தைக்கூடக் கழற்றிக் கொடுத்தார்கள். சேர்ந்த தங்கம் 220 டன்னுக்கும் மேல். அந்த வேளையில் கோல்ஃபைப் பற்றிப் பேச யாருக்கு மனசு வரும்? அங்கே அது முதலாளிமார் பொழுதுபோக்கு.

ஆனாலும் 1998 ஜூலை 7 விடியற்காலையில் கொரியர்கள் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம், பிளாக்வுல்ஃப் ரன் மைதானத்தில் அமெரிக்க மகளிர் ஓப்பன். தேஜான் நகரத்துப் பெண்ணான பாக் செரிக்கு வயது 20. அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளில் அதுதான் முதல் வருஷம். எதிரில் கல்லூரி மாணவி ஜென்னி சுவாசிரிபோர்ன். தாய்லாந்து வம்சாவளிக்காரர், முந்தைய நாள் கடைசிக் குழியான 72-வது குழியில் சுமார் 40 அடி தூரத்திலிருந்து பந்தை உருட்டி விழவைத்து ஆட்டத்தைச் சமனாக்கியவர். ஆகவே மறுநாள் இருவருக்கும் மட்டும் 18 குழிகள்.

அதன் கடைசிக் குழியில்தான் வந்தது வினை. பாக் அடித்த பந்து இடப்பக்கம் விலகி, குளக்கரைச் சரிவுப் புல்லில் சிக்கிக்கொண்டது. ஓர் அடி அபராதம் ஏற்று வேறிடத்திலிருந்து ஆடலாம். பாக் யோசித்தார். பிறகு குனிந்து ஷூவைக் கழற்றினார், சாக்ஸை உருவினார், தண்ணீரில் இறங்கினார். வெயிலில் கறுத்த கால்களின் கீழே, சாக்ஸ் மூடியிருந்த பாதம் மட்டும் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. அந்தப் பெண் எத்தனை வெயிலில் நின்று பழகினாள் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

நியாயமாகச் சொன்னால் அது பிரமாதமான அடி ஒன்றுமில்லை. பந்து கரையேறியது, அவ்வளவே. அந்தக் குழியில் பாக் ஓர் அடி கூடுதலாகத்தான் எடுத்தார், ஜென்னியும் அப்படியே. இருவருக்கும் 73. மேலும் இரண்டு குழிகள் ஆடி, மொத்தத்தில் 92-வது குழியில் பாக் ஜெயித்தார். பிற்பாடு நொந்துபோன நாட்டுக்குத் தெம்பூட்ட டி.வி.யில் ஓட்டிய பிரசாரப் படத்தில் இடம்பிடித்தது, ஓர் அடி நஷ்டத்தில் முடிந்த அந்தக் குளத்துக் காட்சிதான். கடனில் கிடந்தவர்களுக்கு அதன் அர்த்தம் புரிந்திருக்கும்.

பாக் செரிக்கு மொத்தத்தில் 25 எல்.பி.ஜி.ஏ. (அமெரிக்க மகளிர் தொழில்முறை கோல்ஃப்) பட்டங்கள், அவற்றில் 5 ‘மேஜர்’ எனும் பெரும் போட்டிகள், 2007-ல் ஹால் ஆஃப் ஃபேம். ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. அன்று வீட்டில் ஆட்டம் பார்த்த, பத்து வயதுகூட நிரம்பாத பாக் இன்பீ என்ற சிறுமி சில நாளிலேயே மட்டையைத் தூக்கினார். 2008-ல், 19 வயதில், அதே அமெரிக்க மகளிர் ஓப்பனை வென்றார். 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் தங்கமும் அவருக்கே. கொரிய மகளிர் அணிக்கு அப்போது பயிற்சியாளர் பாக் செரி.