காட்டிலிருந்து காட்சிச்சாலைக்கு: தெகிவளை மிருகக்காட்சிச்சாலையின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கல்முனை, சம்மாந்துறை, சொறிக்கல்முனை முதலான கீழ்க்கரை ஊர்களிலிருந்து கொழும்புக்குக் கல்விச் சுற்றுலா செல்லும் மாணவர் பெரும்பாலும் தவறாது காணும் இடங்களுள் தெகிவளை மிருகக்காட்சிச்சாலை ஒன்றாகும். மேல்கரையின் கடலோர நகரொன்றில், குடிமனைகளுக்கு நடுவே அமைந்த அச்சிறு வளாகம் பல தலைமுறைப் பிள்ளைகளுக்குச் சிங்கத்தையும் சிம்பன்சியையும் முதன்முதலாகக் காட்டியுள்ளது. ஒரு விலங்கின் பெயர் யாது, தாயகம் யாது என்பவற்றைக் கூட்டின் முன்னுள்ள பலகை கூறும். அவ்விலங்கு எவர் கையால் பிடிக்கப்பட்டு, எவ்வழியாக அங்கு வந்தது என்பதை அது கூறுவதில்லை. அப்பலகை கூறாது விட்ட வரலாற்றில் கீழ்க்கரைக்கும் ஒரு பங்குண்டு என்பதை எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈழத்து யானை மிகப் பழங்காலந்தொட்டே ஏற்றுமதிப் பொருளாக விளங்கியது. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்திலே யானை விற்பனை நடைபெற்றது. இந்தியாவிலிருந்து வணிகர் வந்து வாங்கிச் சென்றனர். வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள் குடாநாட்டுக்கு ஓட்டிச் செல்லப்பட்ட வழியே ஆனையிறவு என்ற பெயரில் இன்றும் நிலைத்துள்ளது. இவ்வணிகத்தின் அடித்தளமாக அமைந்தோர் பணிக்கர் எனப்பட்ட யானை பிடிப்போராவர். குடியேற்ற நாட்டுச் செயலாளராகப் பணியாற்றிய எமேர்சன் தெனன்ற், 1859 இல் வெளிவந்த தமது நூலில், தீவின் வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ள முஸ்லிம் கிராமங்களைச் சேர்ந்தோராக இவர்களைக் குறிப்பிட்டு, அவர்தம் துணிவை வியந்து எழுதியுள்ளார். தோலால் திரித்த வார்க்கயிறு ஒன்றே இவர்களின் கருவி. ஒருவர் யானையின் முன் நின்று அதன் கவனத்தை ஈர்க்க, மற்றவர் பின்னால் ஓசையின்றி அணுகிப் பின்காலிற் சுருக்கிட்டுக் கயிற்றின் மறுமுனையை மரத்திற் பிணிப்பார். காற்றின் திசை, அடிச்சுவடு, முறிந்த கிளை ஆகியவற்றைக் கொண்டு யானையின் போக்கை அறியும் இவ்வறிவு ஏட்டில் எழுதப்படாது தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்ற அறிவாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வணிகம் புதிய சந்தையொன்றைக் கண்டது. ஐரோப்பிய நகரங்களில் மிருகக்காட்சிச்சாலைகளும் சர்க்கஸ் குழுக்களும் பெருகின. அவற்றுக்கு விலங்குகளை வழங்கியோருள் தலையாயவர் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரைச் சேர்ந்த கார்ல் ஹாகன்பெக். விலங்குகளோடு அவர் அமையவில்லை. 1880களில் இலங்கையிலிருந்து யானைகளுடன் மனிதரையும் அழைத்துச் சென்று, அவர்தம் ஆடலையும் தொழிலையும் அன்றாட வாழ்வையும் ஐரோப்பியர் கட்டணஞ் செலுத்திக் காணும் காட்சியாக்கினார். ஆளப்பட்டோரையும் அடைக்கப்பட்ட விலங்கையும் ஒரே கண்கொண்டு நோக்கிய காலம் அது. மிருகக்காட்சிச்சாலையின் வரலாற்றை வெறும் பொழுதுபோக்கின் வரலாறாகக் கொள்ளவியலாமைக்கு இதுவே தக்க சான்றாகும்.

கார்லின் மாற்றாந்தாய் வழிச் சகோதரரான ஜோன் ஹாகன்பெக் இலங்கையிலேயே தங்கி வணிகம் நடத்தினார். முதலாம் உலகப்போர் மூண்டபோது ஜேர்மானியர் என்ற காரணத்தால் நாட்டைவிட்டு நீங்க நேர்ந்த அவர், போரின் பின் மீண்டும் வந்தார். 1920களின் பிற்பகுதியில் தெகிவளையில் அவர் அமைத்த விலங்குத் தோட்டமே இன்றைய காட்சிச்சாலையின் தோற்றுவாய். ஏற்றுமதிக்கெனச் சேர்க்கப்பட்ட விலங்குகள் கப்பலேறும் வரை தங்கவைக்கப்பட்ட இடம் அது. தங்குமடமாகத் தொடங்கிய ஒன்று நிலையான இல்லமாக மாறிற்று என்பதை மனத்திற் கொள்ளல் வேண்டும். பிற்காலத்தில் அதன் மீது சுமத்தப்பட்ட குறைகள் பலவற்றின் வேர் அத்தோற்றத்திலேயே உள்ளது.

1936 இல் அத்தோட்டத்தை நடத்திய நிறுவனம் கலைக்கப்பட்டபோது அரசாங்கம் அதனைப் பொறுப்பேற்றது. அடுத்த ஆண்டிலேயே, 1937 இல், வனவிலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. இவ்விரு நிகழ்ச்சிகளும் அடுத்தடுத்து நிகழ்ந்தமை கருதத்தக்கது. விற்பனைச் சரக்காக இருந்த விலங்கு பொதுச் சொத்தாகவும் பாதுகாக்கப்பட வேண்டிய உயிராகவும் கருதப்படத் தொடங்கிய திருப்பத்தை அவை உணர்த்துகின்றன. சென்னையில் இதுபோன்றதொரு மாற்றம் முன்னரே நிகழ்ந்துவிட்டது. அங்கு அரும்பொருட் காட்சியகத்தின் பொறுப்பாளரான எட்வேட் பல்ஃபர் 1855 இல் விலங்குக் காட்சிச்சாலையைத் தொடங்கியபோது, கர்நாடக நவாப்பின் விலங்குகள் அதற்கு வந்து சேர்ந்தன. அரண்மனைக்கு உரியதாயிருந்த காட்சி அங்கு குடிமக்களுக்கு உரியதாயிற்று. தெகிவளையிலோ வணிகரின் தொழுவம் மக்களின் தோட்டமாயிற்று. தோற்றம் வேறாயினும் பயன் ஒன்றே. பிறப்பாலும் பொருளாலும் தாழ்ந்தோனும் சிறு கட்டணத்துடன் அரசனின் காட்சியைக் காணலாயினான்.

எனினும், காண்போரின் உரிமை விரிந்த அளவுக்குக் காணப்படும் உயிரின் இடம் விரியவில்லை. இங்கு வரலாற்றின் முரண் ஒன்று புலனாகின்றது. 1907 இல் ஹம்பேர்க்கின் ஸ்ரெல்லிங்கனில் கார்ல் ஹாகன்பெக் அமைத்த பூங்காவே கம்பிகளை நீக்கி, அகழிகளால் மட்டும் விலங்கையும் மனிதரையும் பிரித்து உலகுக்கு வழிகாட்டிற்று. அதே குடும்பத்தவர் தெகிவளையில் விட்டுச்சென்றதோ குறுகிய நிலமாகும். அடுத்த முரணும் உண்டு. தெகிவளையின் பணிப்பாளராக விளங்கிய லின் டி அல்விஸ், 1973 இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர் மிருகக்காட்சிச்சாலையின் அமைப்புக்கு ஆலோசகராக இருந்தார். திறந்தவெளி அமைப்புக்கு அது உலகப் புகழ் பெற்றது. ஈழத்தவர் ஒருவரின் எண்ணம் கடல்கடந்து செயலுருப் பெற, அவர் பணிபுரிந்த இடத்தில் நெருக்கடியே எஞ்சிற்று. சென்னைக் காட்சிச்சாலை நகரின் நெரிசலிலிருந்து வண்டலூர்க் காட்டுக்குப் பெயர்க்கப்பட்டு 1985 இல் திறந்துவைக்கப்பட்டது. இலங்கையில் 1975 இல் தொடங்கிய பின்னவலை யானைகள் சரணாலயமும், பின்னர் 2016 இல் திறக்கப்பட்ட றிதியகம சபாரிப் பூங்காவும் அத்திசையில் எடுத்துவைக்கப்பட்ட அடிகளாகும்.

ஆயினும், கூட்டை விரிவாக்குதலோடு இவ்வினா முடிந்துவிடுவதில்லை. பணிக்கர் யானை தேடித் திரிந்த கிழக்கின் காடுகள் எவ்வாறாயின என்பதும் இவ்வரலாற்றைச் சார்ந்ததே. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தால் பட்டிப்பளை ஆற்றின் நீர் தேக்கப்பட்டு, காடு வயலாயிற்று. நெல் விளைந்தது, மக்கள் வாழ்ந்தனர், அதன் பயனை எவரும் மறுத்தற்கில்லை. ஆனால், யானையின் வழித்தடங்கள் குறுகின. இன்று அம்பாறை மாவட்டத்து விவசாயி விளைந்த பயிரைக் காக்கக் காவற்பரணில் இரவைக் கழிக்கின்றான். ஒலுவிலுக்கு அண்மையிலுள்ள பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்ரிக் உண்டு, எட்டு ஆண்டுகளில் இருபது வரையான யானைகள் மடிந்தன என்னும் செய்தி 2022 இல் உலகெங்கும் பரவிற்று. ஒரு காலத்தில் விலைபேசி ஏற்றுமதி செய்யப்பட்ட விலங்கு, அதன் சொந்த நிலத்திலேயே எச்சிலுண்ணும் நிலைக்கு வந்தமை வருந்தத்தக்கது. யானை மனிதனாலும் மனிதன் யானையாலும் உயிரிழக்கும் இந்நிலையில் பழியை ஒருபக்கமாகச் சுமத்துதல் வரலாற்று நோக்காகாது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, மிருகக்காட்சிச்சாலை என்பது காட்டுக்கும் நகருக்கும் இடையிலான உறவின் ஆவணம் என்பது தெளிவாகும். அவ்வாவணத்தில் வணிகரின் பெயரும் பணிப்பாளரின் பெயரும் பதிவாகியுள்ளன. வார்க்கயிறு ஏந்திய பணிக்கரின் பெயர்கள் பெரும்பாலும் பதிவாகவில்லை. யானையோடு பகைத்தும் பழகியும் வாழ்ந்த அம்மக்களின் அறிவு, முதியோரின் நினைவிலிருந்து முற்றாக மறையுமுன் தொகுக்கப்படுதல் அவசியமாகும். கீழ்க்கரையிலிருந்து வரும் மாணவர்க்குத் தெகிவளை யானை அயல்நாட்டு விந்தையன்று. அது அவர்தம் வயலோரத்துக் காட்டின் உறவு. அவ்வுறவை உணர்த்தும் கல்வியே காட்சிச்சாலைக்கும் பொருளளிப்பதாகும். யானைக்கும் உழவனுக்கும் ஒருங்கே இடந்தரும் வழியைத் தேடும் கடமை அதிலிருந்தே தொடங்குகின்றது.