நிழல் விழாத முகம்: ஹில்லியர்டின் எலிசபெத்

லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தில் உள்ள இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத்தின் நீர்வண்ணச் சிற்றோவியம் உள்ளங்கையில் அடங்கிவிடும். உயரம் 51 மில்லிமீட்டர், அகலம் 48. தீட்டியவர் நிக்கலஸ் ஹில்லியர்டு. 1572 என்ற ஆண்டும், அரசிக்கு வயது 38 என்பதும் நீலப் பின்புலத்தில் பொன்னெழுத்தில் உள்ளன. முகத்தில் மட்டும் நிழலே இல்லை.

மூப்பை மறைக்க அரசவை வகுத்த உத்தி இது என்பது பரவலான விளக்கம். கலை வரலாற்றாசிரியர் ராய் ஸ்ட்ராங் இதற்கு ‘இளமை முகமூடி’ என்று பெயரிட்டது 1590களின் படங்களுக்குப் பொருந்தும். அதை 1572 வரை பின்னோக்கி இழுப்பதுதான் தவறு.

ஹில்லியர்டு 1600ஐ ஒட்டிச் சிற்றோவியக் கலை பற்றி ஒரு நூல் எழுதினார். மரநிழல் அண்டாத தோட்டப் பாதையில் அமர முடிவெடுத்தவர் அரசியே என்கிறார் அதில். அரசவையை நம்பிப் பிழைத்தவர் பல ஆண்டு கழித்துச் சொன்னது இது. அரசியின் ரசனையைப் புகழும் பகுதியைச் சற்றுத் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும். ஆனால் கூடவே அவர் தரும் தொழில் காரணத்தைத் தள்ள முடியாது: அழுத்தமான நிழல், எட்ட நின்று பார்க்கும் பெரிய படங்களுக்கே தேவை, கையில் ஏந்திப் பார்ப்பதற்குக் கோடு போதும். சிற்றோவியங்களை அப்படித்தான் பார்த்தார்கள். 1564இல் ஸ்காட்லாந்துத் தூதர் ஜேம்ஸ் மெல்வில்லுக்கு எலிசபெத் தம் படுக்கையறைப் பேழையில் காகிதம் சுற்றி வைத்திருந்த சிறு படங்களைக் காட்டினார். தூதர் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவற்றைப் பார்த்தார்.

ஹில்லியர்டு பொற்கொல்லரின் மகன், பயின்றதும் பொற்கொல்லரிடமே. மெல்லிய கன்றுத்தோலைச் சீட்டுக்கட்டு அட்டையில் ஒட்டுவார். முகம் வரும் இடத்தில் வெளிர்ந்த தோல்நிறத்தை ஒரே பூச்சாகப் பூசி, அதன்மேல் அணில்மயிர்த் தூரிகையால் இழை இழையாகக் கண்ணும் உதடும் எழுப்புவார். முத்துக்கு ஈயவெள்ளையைச் சொட்டாகத் தடித்து வைத்து, உச்சியில் வெள்ளித் துளியிட்டு, கீரி போன்ற சிறு விலங்கின் பல்லால் தேய்த்து மெருகேற்றுவார். வேலையின்போது பேசக்கூடாது, எச்சில் தெறிக்கும் என்பது அவர் விதி!

அந்த வெள்ளி இன்று கறுத்துவிட்டது. கன்னத்துச் சிவப்பு ஒளிபட்டு மங்கிவிட்டது. ஆகவே நாம் காணும் சுண்ணாம்பு வெளுப்பில் ஒரு பங்கு காலத்தின் வேலை. அதையும் அரசியின் கணக்கில் எழுதுவது ஆய்வாகாது.

உண்மையான கட்டுப்பாடு பிறகு வந்தது. ஹில்லியர்டின் மாணவர் ஐசக் ஆலிவர் 1590ஐ ஒட்டி, முதுமை தெரியும் அரசி முகத்தை நிழலோடு வரைந்தார். அது முடிக்கப்படாமலே இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1596இல் அரசியின் ஆலோசனைச் சபை, அவருக்கு இழுக்கான படங்களைத் தேடி அழிக்க ஆணையிட்டது. முகமூடிக் கோட்பாட்டுக்குச் சான்று இந்தப் பத்தாண்டில் உண்டு. 1572ஆம் ஆண்டுச் சிற்றோவியத்தை அதற்குச் சாட்சியாக அழைப்பதை விட்டுவிடலாம்.