கல்விக்கடன் (பண்ணைக்காடு வட்டாரம்)

உயர்கல்விக் கட்டணத்துக்கும் விடுதிச் செலவுக்கும் மாணவர், பெற்றோர் இருவர் பெயரிலும் வங்கிகள் வழங்கும் கடன் கல்விக்கடன் எனப்படும். திண்டுக்கல் மாவட்டம் கொடைக்கானல் வட்டத்தைச் சேர்ந்த பண்ணைக்காடு, காப்பி, மிளகு, மலைவாழை, ஆரஞ்சு விளையும் கீழ்ப்பழனி மலைப் பேரூராட்சி. இங்குள்ள பிள்ளைகள் வத்தலக்குண்டு வழியாக மலையிறங்கி, திண்டுக்கல், மதுரைக் கல்லூரிகளில் சேர்வது வழக்கம்.

வரலாறு

சுயநிதிக் கல்லூரிகள் வருவதற்கு முன் இப்பகுதியின் பட்டப்படிப்பு, அரசுக் கல்லூரிகளையும் அரசு உதவிபெறும் கல்லூரிகளையும் நம்பியிருந்தது. மதுரையில் அமெரிக்க மிஷனரிகள் 1881-இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி, 1889-இல் உருவான மதுரைக் கல்லூரி, 1949-இல் தோன்றிய தியாகராசர் கல்லூரி ஆகியவை இவ்வகையில் மூத்தவை. தியாகராசர் பொறியியல் கல்லூரி 1957-இல் வந்தது. பழனி தேவஸ்தானம் 1960-இல் அருள்மிகு பழனியாண்டவர் கலைக் கல்லூரியைத் தொடங்கியது. முருகன் கோயில் உண்டியல் பணம் ஏழைப் பிள்ளைகளின் பட்டமாக மாறியது போற்றத்தக்க முன்மாதிரி. கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984-இல் நிறுவப்பட்டது. உதவிபெறும் கல்லூரிகளில் ஆசிரியர் சம்பளத்தை அரசு ஏற்றதால் கட்டணம் குடும்பத்தை அழுத்தவில்லை.

1984-85 கல்வியாண்டில் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி அளித்தது. திண்டுக்கல்லில் பி.எஸ்.என்.ஏ. பொறியியல் கல்லூரி 1984-இல் எழுந்தது. கட்டடம், ஆய்வகம், சம்பளம் என்று அத்தனை செலவும் மாணவர் கட்டணத்தின் தலையில் ஏறியது. உச்ச நீதிமன்றம் 1992-இல் மோகினி ஜெயின் வழக்கில் நன்கொடை வசூலைக் கண்டித்தது. 1993-இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் இடங்களை இலவச இடம், கட்டண இடம் எனப் பிரித்தது. 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கு அம்முறையை நீக்கியது. 2003-இல் வந்த இஸ்லாமிக் அகாடமி தீர்ப்பால் கட்டண நிர்ணயக் குழுக்கள் பிறந்தன. 2007 முதல் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு இல்லை என்றானதும் கிராமப்புற மாணவர்களுக்குக் கதவு அகலத் திறந்தது.

கட்டண வகைப்பாடு

சுயநிதிப் பொறியியல் இடங்கள் இரு வகை:

1. அரசு ஒதுக்கீடு: 2017-இல் நிர்ணயித்தபடி ஆண்டுக் கட்டணம் ரூ. 50,000, தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு ரூ. 55,000. 2010-இல் தொடங்கிய முதல் பட்டதாரிச் சலுகையில் ரூ. 25,000 வரை கழியும்.

2. நிர்வாக ஒதுக்கீடு: அதே நிர்ணயத்தில் முறையே ரூ. 85,000, ரூ. 87,000. முதல் பட்டதாரிச் சலுகை கிடையாது.

2021 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சேரும் அரசுப் பள்ளி மாணவர்களின் கட்டணத்தை அரசே செலுத்துகிறது. விடுதி, பேருந்து, தேர்வுக் கட்டணம் ஆகியவை தனியே வருவதால், மற்றவர்களுக்கு நிர்ணயித்த தொகை செலவின் ஒரு பகுதி மட்டுமே.

கடன் விதிகள்

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டம் 2001-இல் வந்தது. ரூ. 4 லட்சம் வரை பிணையம் கேட்கக் கூடாது. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். 2009-இல் வந்த மத்திய வட்டி மானியத் திட்டம், ஆண்டு வருமானம் ரூ. 4.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு, தவணை கட்ட வேண்டாத அந்தக் காலத்து வட்டியை ஏற்றது.

செலவும் வருவாயும்

ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளில் ரூ. 4 லட்சம் வாங்குவதாகக் கொள்வோம். 10 சதவீதத் தனிவட்டியில், தவணை தொடங்கும் நாளில் கடன் ரூ. 5.4 லட்சம் ஆகியிருக்கும். அதைப் பதினைந்து ஆண்டுகளில் அடைக்க மாதம் சுமார் ரூ. 5,800 கட்ட வேண்டும், மொத்தம் ரூ. 10.4 லட்சம். பத்தாண்டுகளில் அடைத்தால் மாதம் ரூ. 7,140, மொத்தம் ரூ. 8.6 லட்சம். பெரிய மென்பொருள் நிறுவனங்களில் புதிய பட்டதாரியின் ஆண்டுச் சம்பளம் பத்தாண்டுக்கும் மேலாக ரூ. 3 முதல் 4 லட்சத்திலேயே நிற்கிறது. மாதம் ரூ. 25,000 வாங்கிச் சென்னையில் வாடகையும் சாப்பாடும் பார்ப்பவருக்கு இத்தவணை பெரும் சுமை. வேலையே கிடைக்காதவரின் நிலை பரிதாபம்.

மலையில் இன்னொரு நெருக்கடியும் உண்டு. காப்பிப் பழம் பறித்துக் காசாவது கார்த்திகை முதல் தை வரை. கல்லூரிக் கட்டணம் கேட்பதோ ஆடி, ஆவணியில். கடன் தாமதமானால் நகை அடகுக்குப் போகும், அல்லது வரப்போகும் மகசூலின் மேல் வியாபாரியிடம் முன்பணம் வாங்க நேரும். இத்தனை சுமை இருப்பதால், கட்டணத்தை மட்டும் பார்த்துக் கடன் வாங்குவது தவறு. அப்பாடப்பிரிவில் படித்தவர் வாங்கும் சம்பளத்தைப் பார்த்தே வாங்க வேண்டும்.

இன்றைய நிலை

2022-இல் திறன் பயிற்சிக்கான நான் முதல்வன், மாணவியருக்கு மாத உதவித்தொகை தரும் புதுமைப் பெண் திட்டங்களும், 2024-இல் மாணவர்களுக்கு அதே உதவி தரும் தமிழ்ப் புதல்வன், மத்திய அரசின் கல்விக்கடன் திட்டமான பிஎம் வித்யாலட்சுமி ஆகியவையும் வந்துள்ளன. கடைசித் திட்டம் தேசியத் தரவரிசையில் உள்ள கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே என்பதால், சேர்வதற்கு முன்பே கல்லூரியின் தரத்தை விசாரிப்பது அவசியம்.